பஸ் ஏற மறுத்த தம்பதி

திருத்தணி தபாலாபீஸ்,
23-1-73, செவ்வாய்க்கிழமை, பகல் பன்னிரண்டேகால்.

மகாலக்ஷ்மிக்குச் சமானமான வைஜயந்தி மன்னிக்கு, நாத்தனார் பூமா தண்டம் ஸமர்ப்பித்து எழுதிக்கொண்டது. இங்கே அவரும் நானும் சௌக்கியம் என்று முதல் வரியில் எழுதுவதுதான் மரியாதை என்பதால் எழுதிவிட்டேன். எவ்வளவு சௌக்கியம் என்பதைக் கீழே படித்து நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். அங்கே நீங்களும் அண்ணாவும் உங்கள் மூன்று வாண்டுகளும், முக்கியமாக உங்களிடம் நான் ஒப்படைத்துவிட்டு வந்த என் ஒன்றரை வயது அம்புஜவல்லியும், தும்மல் இருமல் இல்லாமல் இருக்க வீரராகவப் பெருமாளை மணிக்கு நான்கு தடவை வேண்டிக்கொண்டிருக்கிறேன்.

தினமும் ஒரு கார்டு போடுவேன் என்று மீஞ்சூர் ஸ்டேஷனில் உங்கள் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தவள், மூன்றாம் நாள்தான் பேனாவைத் தொடுகிறேன். அதுவும் என் பேனா இல்லை. தபாலாபீஸ் பேனா. கவுண்டரோடு சணல் கயிற்றால் கட்டியிருக்கிறார்கள். கயிறு எட்டும் தூரத்தில் பெஞ்சியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மணியார்டர் எழுத யாராவது வந்தால் கொடுத்துவிட வேண்டும், ஆகவே நடுநடுவே கையெழுத்து மாறினால் பயப்படாதீர்கள், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. காகிதத்தைப் பார்த்துவிட்டும் பயப்படாதீர்கள். பின்பக்கம் கட்டம் கட்டமாக இருப்பதெல்லாம் அவர் இந்தப் பிரயாணத்துக்காக ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுத் தயாரித்த அட்டவணை. ஏழு நாளைக்கு ஏழு தாள். இனிமேல் அவை தேவைப்படாது.

ஏன் என்றால், மன்னி, நான் திரும்பி வருகிறேன். நாலு மணிக்கு இங்கிருந்து பஸ். நாளைக் காலை மீஞ்சூரில் இருப்பேன். மூன்று மணிக்குத் தபால் பை பிரிப்பார்களாம், இந்த விலாசத்துக்குப் போடச் சொல்லியிருந்தேனே, உங்கள் கார்டு அதில் வந்திருக்கும். அம்பு அழுகிறாள் என்று அதில் ஒரு வரி இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி, பஸ் ஏறுவதாகவே தீர்மானம். அப்புறம் கடிதம் எதற்கு என்று அண்ணா கேட்பான். நடந்ததை எல்லாம் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அதைவிட, திருவள்ளூரிலிருந்து என் மாமியார் யாரிடமாவது சொல்லியனுப்பி விசாரித்தால் எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டாமா?

உங்களுக்குத்தான் தெரியுமே, இவருக்கு இந்த நடைப் பைத்தியம் கல்யாணத்துக்கு முன்னாலேயே உண்டு. கும்மிடிப்பூண்டி இரும்புப் பட்டறையில் உற்பத்தி அட்டவணை போடுகிற மனுஷன், ஏதோ வாசகசாலையில் வெள்ளைக்காரத் தம்பதிகள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு மலை மலையாக நடக்கிற படத்தைப் பார்த்துவிட்டு, நமக்குக் கல்யாணம் ஆனால் நாமும் இப்படித்தான் என்று முடிவு கட்டியிருக்கிறார். கல்யாணம் ஆனதும் நாங்கள் நடந்ததெல்லாம் உறவுக்காரர்கள் வீடு வீடாக விருந்துக்கு, முன்னால் பத்துப் பேர் பின்னால் பத்துப் பேரோடு. அப்புறம் அம்பு பிறந்தாள். கல்யாணமாகி நாலு வருஷம் வாயைத் திறக்காமல் இருந்தவர், இந்தப் பொங்கலுக்கு மூர்மார்க்கெட்டிலிருந்து பட்டாளத்துக் காக்கிப் பைகள் இரண்டு வாங்கிக்கொண்டு வந்து நடுக்கூடத்தில் வைத்துவிட்டு, "பூமா, ஒரே ஒரு தடவை" என்றார். அந்த முகத்தைப் பார்த்து முடியாது என்று உங்களால் சொல்லியிருக்க முடியுமா? சும்மா நடக்கப் போகிறோம் என்றால் மாமனார் விடுவாரா? திருப்பதிக்குப் பாதயாத்திரை என்று சொன்னோம். உடனே வீடே கண்ணில் ஒற்றிக்கொண்டது. தை அமாவாசை உற்சவ வேலையில் மூச்சுவிட நேரமில்லாத மாமனார், ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் திருவள்ளூர்க் கோவிலிலிருந்து ஓடிவந்து தீர்த்தமும் துளசியும் கொடுத்து அனுப்பினார்.

வினை அங்கேதான் ஆரம்பம். வாசல் தாண்டப் போகிற சமயம் மாமியார் என்னை உள்ளே கூப்பிட்டார். நகரி ரோட்டில் யாரோ ஒரு மாமியின் சங்கிலியை அறுத்துக்கொண்டு போன கதையைச் சொன்னார். சொல்லிக்கொண்டே என் கழுத்திலிருந்து சங்கிலி, திருமாங்கல்யம் எல்லாவற்றையும் கழற்றித் தன் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, புதுச் சரட்டில் நல்ல கொழுத்த விரலி மஞ்சள் ஒன்றை முடிந்து, "பெருமாளே துணை" என்று என் கழுத்தில் கட்டிவிட்டார். பளபளவென்று மஞ்சள் சொட்டச் சொட்ட ஒரு கயிறு. கட்டிக்கொண்டேன். பி.ஏ. தத்துவம் படித்தவள்தான், பற்று அறுப்பது பற்றிய இருபது மார்க் கேள்விக்குப் பதினேழு வாங்கியவள்தான். இந்தக் கயிறு பின்னால் என்ன பாடு படுத்தும் என்று எனக்குத் தோன்றவில்லை.

திருவள்ளூர் ரயில்வே கேட்டைத் தாண்டியதும் பாதயாத்திரை முடிந்தது. அவர் ஒரு வேலிகாத்தான் புதருக்குப் பின்னால் போனார். போகும்போது பஞ்சகச்சமும் திருமண்ணும். வரும்போது காக்கி அரை டிராயரும் தொப்பியும். என் கையில் ஒரு ஜோடி கான்வாஸ் ஷூவைக் கொடுத்தார். மடிசாருக்குக் கீழே ஷூ எப்படி என்று நினைக்கிறீர்களா? மடிசாரையும் அதே புதரில் மாற்றிக்கொண்டு சாதாரணப் புடவைக்கு வந்தேன் என்பதை மாமியாரிடம் சொல்லாதீர்கள். (முதல் விஷயம் இது. இன்னும் இருக்கிறது.) ஷூவுக்குள் மெட்டி கடித்தது. ஒரு மைல் பொறுத்துப் பார்த்துவிட்டு அதையும் கழற்றிப் பைக்குள் போட்டேன். வகிட்டுக் குங்குமத்தை வேர்வை கொண்டுபோயிற்று.

அவர் பையில் ஸ்டவ், கூடாரத் துணி, திசை காட்டும் கருவி, முப்பது அடிக் கயிறு. இருப்பது ஒரே ரோடு, அது நேராகத் திருத்தணிக்குத்தான் போகிறது. கயிறு எதற்கு என்று மூன்று நாளாகக் கேட்கிறேன், "தேவைப்படும்போது தெரியும்" என்கிறார். என் பையில் ஐந்து கிலோவுக்கு மேல் கூடாது என்பது அட்டவணை. இடுப்பு ஒடிகிறதே என்று பட்டரைப்பெரும்புதூர் ஏரிக்கரையில் அவர் பிரித்துப் பார்த்தால், கிரைப் வாட்டர் இரண்டு பாட்டில், அம்புவின் கவுன் மூன்று, கிலுகிலுப்பை, பாலாடை, அவள் தொட்டில் துணி. "குழந்தை மீஞ்சூரில் இருக்கிறாள், இது யாருக்கு?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை. கவுனை முகர்ந்து பார்த்தேன், அவ்வளவுதான், ஏரிக்கரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். அது அவள் குளிக்கிற நேரம். நீங்கள் வெந்நீரில் பச்சைத் தண்ணீர் விளாவிப் பார்த்தீர்களோ இல்லையோ, மூன்று பெற்று வளர்த்தவருக்கு நான் சொல்ல வேண்டுமா, ஆனாலும் முழங்கையை விட்டுப் பாருங்கள், விரலை நம்பாதீர்கள்.

முதல் நாள் இலக்கு பதினைந்து மைல், நடந்தது ஆறு. அங்கேயே மாமனாருக்குத் தெரிந்த பட்டாச்சாரியார் ஆத்தில் தங்கினோம். பட்டறையில் உற்பத்தி குறைந்தால் நிரப்புகிற மாதிரி இந்த அட்டவணையிலும் 'தாமதத்துக்குக் காரணம்' என்று கடைசியில் ஒரு கட்டம் உண்டு. அதில் அவர் அழகாக எழுதினார்: 'பூமா அழுதாள் – 40 நிமிஷம்.' திருப்பிப் பாருங்கள், முதல் தாளில் இருக்கும். கல்நெஞ்சம் என்று நினைத்தேன்.

இதற்குள் அந்த ரோட்டில் எங்களைத் தெரியாத ஆள் இல்லை என்று ஆகிவிட்டது. திருவள்ளூருக்கும் திருத்தணிக்கும் நடுவில் ஒரே பஸ்தான் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு தடவையும் எங்கள் பக்கத்தில் நிற்கும். கண்டக்டர் தலையை நீட்டுவார்.

"ஏறு சார், எடம் கீது."

"வேண்டாம்ப்பா, நாங்க நடக்கறோம்."

"ஏன் சார், எதுனா வேண்டுதலா?"

இங்கே ஆமாம் என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். இவருக்குப் பொய் வராது, அதுவும் வேட்டியை மாற்றிய பிறகு. "இல்லப்பா, சும்மாதான்" என்றார். பஸ்ஸே எட்டிப் பார்த்தது. நினைத்துப் பாருங்கள் மன்னி: காக்கி டிராயர் போட்டு விறுவிறுவென்று முன்னால் போகிற ஒருத்தர், ஷூ போட்டு மூக்கைச் சிந்திக்கொண்டே பின்னால் போகிற ஒருத்தி, கழுத்தில் ஈரம் காயாத மஞ்சள் கயிறு, காலில் மெட்டி இல்லை, காலி இடம் இருந்தும் நாலு பேர் பார்க்கிற பஸ்ஸில் ஏற மாட்டார்கள், எங்கே என்று கேட்டால் திருப்பதி. நீங்களாக இருந்தால் என்ன நினைப்பீர்கள்? நேற்று நடுப்பகல் கனகம்மாசத்திரத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், ரோட்டோரக் கழனியில் களை எடுத்துக்கொண்டிருந்தவர்களும் அதைத்தான் நினைத்தார்கள்.

பம்புசெட்டில் தண்ணீர் குடிக்க ஒதுங்கினோம். புங்கமரத்தில் ஒரு புடவைத் தூளி ஆடிக்கொண்டிருந்தது. தூளிக்கு வெளியே ஒரு சின்னக் கால், அம்பு கால் மாதிரியே, ஐந்து விரலும் விரிந்து. நான் தொட்டியருகில் உட்கார்ந்துவிட்டேன். இடுப்பில் சேறும் கையில் களைக்கொத்துமாக ஒரு அம்மாள் கரையேறி வந்தாள். அவள் பேர் கெங்கம்மாள், அந்தக் கழனிக்குச் சொந்தக்காரி என்பதெல்லாம் அப்புறம் தெரிந்தது.

"இன்னாம்மா, இன்னாத்துக்கு அயுவுற? யாரு இந்தாளு?"

"எங்காத்துக்காரர்."

அவள் கண் என் கழுத்துக்கு வந்தது. அங்கேயே நின்றது. "எப்போ கட்னது?"

நான் உள்ளதைச் சொன்னேன். "நேத்துக் காலம்பர."

"யாரு கட்னது?"

"மாமியார்."

"ஏண்டி, எந்த ஊர்லடி மாமியாக்காரி தாலி கட்றா?" என்று அவள் திரும்பிப் பார்க்க, களையெடுத்த பெண்டுகள் எல்லாம் கரையேறி வட்டமாக நின்றுவிட்டார்கள். "சரி, பெத்தவங்களுக்குத் தெரியுமா? படிச்ச பொண்ணாட்டம் கீற. அயுவாத. நேத்து வந்தவனை நம்பி இப்படி நடு ரோட்ல..."

இல்லை இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன், மன்னி. வந்தது வேறு. "கொழந்தையை விட்டுட்டு வந்துட்டேன்!" என்று வெடித்து அழுதேன்.

அவ்வளவுதான். கெங்கம்மாள் களைக்கொத்தைக் கீழே போட்டாள். "ஐயையே! அறியாத வயசுன்னு பாவம் பாத்தேனே! புள்ளைய உட்டுட்டா ஓடியாந்துகிற? புருசன்காரன் எங்க?"

"இதோ, இவர்தான்."

"இவன் கெடக்கறான். புள்ளையோட நைனா எங்க?"

"அவரும் இவர்தான்!"

"புருசனும் இவனே, நைனாவும் இவனேவா! ஏய், ஓடிப் போய் அவரைக் கூப்டுகினு வா."

அவள் வீட்டுக்காரர் தணிகாசலம் வந்தார். நல்ல மனுஷர், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எங்கள் இருவரையும் "உக்காருங்க சார், உக்காரும்மா" என்றார், ஆனால் பம்புசெட் ரூமுக்கு அந்தப் பக்கம் ஒருத்தர், இந்தப் பக்கம் ஒருத்தர். அந்தப் பக்கம் தணிகாசலம் விசாரணை. இந்தப் பக்கம் கெங்கம்மாள். ஒரு கேள்விக்கு இரண்டு பதிலும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க நடுவில் ஒரு பெண் நடந்துகொண்டிருந்தாள். என்னிடம் முதல் கேள்வி, புருஷன் பேர். நான் சொல்லவில்லை. நாலு வருஷத்தில் அவர் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை, ரேஷன் கார்டு ஆபீசில்கூட எழுதித்தான் காட்டினேன். "பேரு தெரியாதா!" என்று ஒரு கூச்சல். கண்ணை மூடிக்கொண்டு, "ஸம்பத்குமார்!" என்று கத்திவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்ன பூமா?" என்று பதில் வந்தது. "சொல்லி வெச்சிக்கினு வந்துகிறாங்கடி" என்றாள் கெங்கம்மாள்.

அடுத்தது குழந்தையைப் பற்றி. நான் எல்லாவற்றுக்கும் சொன்னேன்: வைகாசி ரோகிணி, மேலே நாலு கீழே நாலு பல், வலது முழங்கால் மடிப்பில் மிளகளவு மச்சம், பாலில் சர்க்கரை ஒரு ஸ்பூன், பருப்பு சாதத்தில் பெருங்காயம் கூடாது. சுவருக்கு அந்தப் பக்கம் பெற்ற தகப்பன் எழுதிய பரீட்சையைக் கேளுங்கள்.

"கொயந்த எப்போ பொறந்திச்சி சார்?"

"பட்டறையில் ஆடிட் நடந்த வாரம்."

"பல்லு எத்தினி?"

"இருக்கு."

"மச்சம்?"

"மச்சமா? யாருக்கு?"

"அட, எதுனா ஒண்ணாவது தெரியுமா சார்?"

"ஒன்பது கிலோ நானூறு கிராம்" என்றார் இவர். "போன மாசக் கடைசி நிலவரம்."

நான் தலையில் அடித்துக்கொண்டேன். தணிகாசலம் வெளியே வந்து, வருத்தத்தோடுதான் சொன்னார்: "பொண்ணு கொயந்த பெத்தவதான், சந்தேகமில்ல. இந்தாளு அப்பன் இல்ல. மீஞ்சூர்ல அண்ணன் கீறாராம். சத்திரத்துக்கு ஆள் அனுப்பி ஒரு தந்தி குட்துடலாம்."

அந்தத் தந்தியை அண்ணா பிரித்திருந்தால்! 'உங்கள் தங்கை ஒருவனோடு பிடிபட்டாள், உடனே வரவும்.' அதைக் கையில் வைத்துக்கொண்டு அண்ணா முதலில் ஓடுவது திருவள்ளூருக்கு, மாமனாரிடம், உற்சவ நேரத்தில். ஆள் சைக்கிளைக்கூட எடுத்துவிட்டான்.

அப்போது தூளியில் இருந்த குழந்தை விழித்துக்கொண்டு வீல் என்று கத்தியது. கெங்கம்மாளின் மகள் செல்வியுடைய பிள்ளை. செல்வி தூரத்து வரப்பில் இருந்தாள். கெங்கம்மாள் ஆட்டினாள், நிற்கவில்லை. இன்னொருத்தி எடுத்தாள், இன்னும் உச்சத்துக்குப் போயிற்று. இவர் அந்தப் பக்கத்திலிருந்து எழுந்து வந்தார். தன்னைப் பிடித்து வைத்திருக்கிறார்கள் என்பதையே மறந்துவிட்டார் போல. "இப்படிக் கொடுங்கோ" என்று குழந்தையை வாங்கினார். இடது தோளில் சாய்த்தார். வலது கையால் முதுகில் ஒரு தட்டு, ஒரு அடி நடை, ஒரு தட்டு, ஒரு அடி. நடந்துகொண்டே காதோரம் ரொம்ப மெல்ல ஆரம்பித்தார்:

"கும்மிடிப்பூண்டி... கும்மிடிப்பூண்டி... கவரப்பேட்டை... வண்டி நிக்கறது... பொன்னேரி... பொன்னேரி... அனுப்பம்பட்டு..."

அழுகை விக்கலாயிற்று. "மீஞ்சூர், மாமா ஊர், மீஞ்சூர்... நந்தியம்பாக்கம்..." விக்கல் நின்றது. அத்திப்பட்டில் குழந்தையின் கை தொங்கிவிட்டது. எண்ணூர் வருவதற்குள் குழந்தை அவர் தோளில் எச்சில் வடியத் தூங்கிப்போயிற்று. பம்புசெட்டை யாரோ நிறுத்தியிருந்தார்கள்.

மன்னி, அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கும்மிடிப்பூண்டி ஆத்தில் தினமும் சாயங்காலம் நான் அடுப்படியில் இருப்பேன். ஷிப்ட் முடிந்து வந்தவர் கூடத்தில் ரயில்வே அட்டவணையை மனப்பாடம் செய்கிறார், மனுஷனுக்கு வேறு வேலை இல்லை என்று நினைப்பேன். நான் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அம்புவை வாங்கி மடியில் போட்டு இரண்டு ஆட்டு ஆட்டினால் தூங்கிவிடுவாள். என் மடியின் மகிமை என்று உங்களிடமே எத்தனை தடவை பெருமை அடித்திருக்கிறேன்! அவள் என்னிடம் வருவதற்கு முன்னாலேயே எண்ணூர் தாண்டியிருந்தாள்.

கெங்கம்மாள்தான் முதலில் பேசினாள். "யோவ், சைக்கிள்காரனைத் திரும்பக் கூப்டு. இவன் அப்பன்காரன்தான்யா. பெத்துத் தோள்ல போட்டவனுக்குத்தான் இந்தத் தட்டு வரும். உனக்கு நாலு பெத்துக் குட்தேன், ஒண்ணையாவது இப்படித் தட்டிகிறியா நீ?" தணிகாசலம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சைக்கிளைப் பார்க்கப் போய்விட்டார்.

வரப்பிலிருந்து ஓடிவந்த செல்வி, "அண்ணே, அந்தப் பாட்ட இன்னொரு தபா சொல்லுண்ணே, நானும் கத்துக்கிறேன்" என்றாள். "பாட்டு இல்லம்மா, சாயங்கால வண்டி" என்றார் இவர். களை எடுத்த பத்துப் பெண்டுகளும் கும்மிடிப்பூண்டியிலிருந்து எண்ணூர் வரைக்கும் சொல்லிக்கொண்டே திரும்பக் கழனிக்குள் இறங்கினார்கள்.

அப்புறம் எங்களை விட்டார்களா? ஊட்டுக்கு வந்து சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று இழுத்துக்கொண்டு போனாள். கட்டிக்கொண்டு வந்த புளியோதரை இருக்கிறது, வெளியில் சாப்பிடுகிற வழக்கமில்லை என்று மென்று முழுங்கிச் சொன்னேன். "ஓடியாந்தவளுக்கு இன்னாடி வயக்கம்!" என்று ஒரு அதட்டல், எல்லோரும் ஒரே சிரிப்பு, நானும் சிரித்துவிட்டேன். கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும். கீரையில் வெங்காயம் இருந்தது. இரண்டு தடவை வாங்கிக்கொண்டேன். (இது இரண்டாம் விஷயம். மாமியாருக்குத் தெரிந்தால் நான் மட்டும் அல்ல, நீங்களும் தொலைந்தீர்கள்.) கிரைப் வாட்டர் ஒரு பாட்டிலையும் கிலுகிலுப்பையையும் செல்வியின் பிள்ளைக்குக் கொடுத்தேன், பை லேசாயிற்று. கெங்கம்மாள் என் பையைக் குடைந்து மெட்டியைக் கண்டுபிடித்து, அவளே என் காலில் போட்டு, அதற்கு மேல் ஷூவையும் மாட்டி, "கடிச்சா கடிக்கட்டும், உனக்கு இது இல்லாம எம்மாம் பேஜாரு பாத்தியா?" என்றாள். வாசல் வரை வந்து, "ஆமா, உங்களுக்குள்ள இன்னா சண்டை, பஸ்ஸுல போவாம?" என்று கேட்டாள். சண்டை இல்லை, நாலு வருஷத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் சேர்ந்து எங்கேயும் போனதில்லை, அதனால்தான் என்றேன். அவள் என் பைப்பட்டையை இழுத்துச் சரிசெய்தாள். அப்புறம், "அப்போ மெதுவாவே போங்க" என்றாள்.

மெதுவாகத்தான் போனோம். அவர் முன்னால் போகவில்லை, பக்கத்தில் நடந்தார். வழியெல்லாம் கரும்பு. என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பாலும் கெரஸினும் வாடகையும் இல்லாத பேச்சு. அவர் ஸ்கூலில் வாத்தியார் நாற்காலியை ஒளித்து வைத்த கதை, நான் காலேஜ் ஹாஸ்டல் சுவரேறிக் குதித்த கதை (அண்ணாவுக்கு இது தெரியாது, தெரிய வேண்டாம்). அந்தப் பஸ் மறுபடியும் வந்தது. கண்டக்டர் தலையை நீட்டுவதற்கு முன்னால் நாங்களே இரண்டு பேரும் சேர்ந்து, "சும்மாதான்!" என்று கத்தினோம். சிரித்துச் சிரித்து எனக்கு விலாவில் பிடித்துக்கொண்டது. முப்பது அடிக் கயிற்றை ஏன் கொண்டுவந்தார் என்றும் சொல்லிவிட்டார். கடையில் பையோடு சேர்த்துக் கொடுத்தானாம், அவ்வளவுதான்.

இன்று காலை திருத்தணி மலை கண்ணில் பட்டது. அப்போதுதான் சுரீர் என்றது. நேற்று மத்தியானத்திலிருந்து பொழுது சாய்கிற வரை, மூன்று மணி நேரம், மன்னி, முழுசாக மூன்று மணி நேரம், நான் அம்புவை நினைக்கவே இல்லை. அழுதுகொண்டே நடந்தபோதுகூட நான் நல்ல தாயாராகத்தான் இருந்தேன். சிரித்துக்கொண்டே நடந்தபோதுதான் பயம் வந்தது. இப்படியே ஏழு நாள் நடந்தால் நான் என்னவாகிவிடுவேன்? அதனால்தான் திரும்புகிறேன். பாவம், அந்தக் குழந்தை மூன்று நாளாக என் புடவைத் தலைப்பைத் தேடித் தேடி அழுதிருக்கும். அவரிடம் சொன்னேன். கோபிக்கவில்லை. "சரி" என்று மட்டும் சொன்னார். வாசல் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கூடாரத் துணியை மடித்துக்கொண்டிருக்கிறார். அதை ஒரு தடவைகூடப் பிரிக்கவில்லை. மடித்ததையே எடுத்து மறுபடியும் மடிக்கிறார்.

நாளைக்கு நான் வருகிற வரைக்கும்: அம்புவுக்குச் சாயங்காலம் காதில் துணி கட்டவும். உங்கள் கடைக்குட்டி அவளைத் தூக்க வேண்டாம். தயிர் வேண்டாம். அழுதால் என் சிவப்புப் புடவையைக் காட்டவும், வாசனை அதில் இருக்கும். அண்ணாவுக்கு என் நமஸ்காரம், பிள்ளைகளுக்குத் தனித்தனியே முத்தம், உங்கள் கைக்கு இரண்டு, எல்லோரும் தீர்க்காயுசாக, சளி பிடிக்காமல் வாழப் பெருமாள் அனுக்கிரகம் பண்ணட்டும்.

இப்படிக்கு,
நாளைக் காலை வந்துவிடப் போகிற
பூமா.

பி.கு.: மணி நாலேகால். மேலே எழுதியதில் நான் வருகிறேன் என்று வருகிற இடங்களை எல்லாம் அடித்துவிடுங்கள். இந்தப் பேனாவில் அடிக்க மை போதாது.

உங்கள் கார்டு மூன்று மணிப் பையில் வந்தது. நான்கே வரி எழுதியிருக்கிறீர்கள். அம்பு சௌக்கியம். இரண்டு வேளையும் பருப்பு சாதம், பெருங்காயத்தோடு, கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள். உங்களையே அம்மா என்று கூப்பிடுகிறாள், என்னை ஒரு தடவைகூடத் தேடவில்லை. அந்த வரியைப் பத்துத் தடவை படித்தேன். நீங்களாகவே காட்டிய என் சிவப்புப் புடவையைத் தள்ளிவிட்டுவிட்டாளாமே! கடைசி வரியில், சாயங்காலம் மட்டும் ஒரே படுத்தல், அண்ணா தோளில் ஏறிக்கொண்டு எதையோ சொல்லச் சொல்கிறாள், அண்ணா பாசுரம் சொன்னால் வாயைப் பொத்துகிறாள், என்னதான் சொல்ல வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

அந்த வரியை இவர் படித்தார். மடித்த கூடாரத் துணியை அப்படியே கீழே போட்டார். "குழந்தை தூங்கலையாம் பூமா, எழுந்திரு, பஸ் வந்துடும்" என்று இரண்டு பையையும் ஒரே தோளில் மாட்டிக்கொண்டு ஓடினார். பஸ்ஸும் வந்தது. அதே பஸ், அதே கண்டக்டர். "வா சார், கடசீல ஏறுறியா!" என்றார். இவர் ஒரு காலைப் படியில் வைத்தேவிட்டார். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டு நிற்கிறது. நான் பைப்பட்டையைப் பிடித்துக் கீழே இழுத்து, "இல்லப்பா, நாங்க சும்மா நடக்கறோம்" என்றேன்.

ஆகவே அண்ணா சொல்ல வேண்டியது: கும்மிடிப்பூண்டி (இரண்டு தடவை), கவரப்பேட்டை, பொன்னேரி (இரண்டு தடவை), அனுப்பம்பட்டு, மீஞ்சூர் (இரண்டு தடவை, நடுவில் 'மாமா ஊர்'), நந்தியம்பாக்கம், அத்திப்பட்டு, எண்ணூர். ஒரு அடிக்கு ஒரு தட்டு. கவரப்பேட்டையில் கொஞ்சம் நிற்க வேண்டும். எண்ணூருக்கு அப்பால் போக வேண்டி வராது.

நாங்கள் நகரி ரோட்டில் புறப்படுகிறோம். மூன்றாம் தாளின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். இன்றைய கணக்கை நானே நிரப்பியிருக்கிறேன். நடந்த தூரத்தை அவர் இன்னும் சொல்லவில்லை, மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறார். கடைசிக் கட்டத்தில் மட்டும் எழுதிவிட்டேன்:

'தாமதத்துக்குக் காரணம்: ஸம்பத்குமார் அழுதார் – 40 நிமிஷம்.'